நல்கை பெற்றவரெல்லாம் அறிஞரோ?

இம்மலரின் பக்கங்களில் குறுந்தொகையின் நயத்தையும் கம்பன் கவியின் கனிவையும் எடுத்துரைப்பார் பலர் உளர். நாம் பேசப் புகும் பொருள் அத்துணைச் சுவையுடையதன்று. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சியின் பொருட்டு வெளியிலிருந்து வழங்கப்பெறும் நல்கையைப் பற்றியது அது. இலக்கிய மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவோர்க்கு ஒரு விடை உண்டு. புலவன், புரவலன், பரிசில் என்னும் மூன்றையும் பற்றி நம்மைப் போல் நெடுங்காலம் சிந்தித்த இனம் அரிது. அச்சிந்தனைக்கு இன்று வேலை வந்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. பல்கலைக்கழக விழாக்களில் ஒரு பேராசிரியரை அறிமுகம் செய்வோர், அவர் கண்டறிந்த உண்மை இன்னது என்று சொல்வதில்லை. அவர் ‘கொண்டு வந்த’ தொகை இத்தனை இலட்சம், இத்தனை கோடி என்றே சொல்கின்றனர். அவையும் கைதட்டுகிறது. அந்தத் தொகையைக் கொண்டு என்ன கண்டார் என்று அவையிலே ஒருவரும் கேட்பதில்லை. கடன் வாங்கியவனைச் செல்வன் என்று போற்றுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? நல்கை என்பது நாட்டு மக்கள் அறிவின் பெயரால் கொடுத்துவைத்த முன்பணம். செய்யப்போகும் வேலைக்கான பொறுப்பு. பொறுப்பை ஏற்றதையே சாதனையாகக் கொண்டாடும் சமூகம், வேலை முடிந்ததா என்று கேட்க மறந்துவிடும். மறந்துவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோர் பெரும்பாலும் சர் சி. வி. இராமனை மேற்கோள் காட்டுவர். எளிய கருவிகளைக் கொண்டு 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவர் கண்டது 1930இல் நோபல் பரிசைத் தேடித் தந்ததே, பின் இத்துணைப் பணம் எதற்கு என்பது அவர்கள் வாதம். வரலாற்றைப் பாதியில் படித்தவர் வாதம் இது. இராமன் 1907இல் நிதித் துறையின் அதிகாரியாகக் கல்கத்தா சேர்ந்தவர். அலுவல் நேரம் போக எஞ்சிய காலையும் மாலையும் அவர் உழைத்த இடம், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடமும் செல்வரிடமும் திரட்டிய நன்கொடையால் எழுப்பிய அறிவியல் சங்கம். 1917இல், கிடைத்துவந்த அரசு ஊதியத்தினும் குறைந்த ஊதியத்துக்கு அவர் ஏற்ற பேராசிரியப் பதவி, தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கொடையால் அமைந்தது. ஆக, இராமனுக்குப் பின்னாலும் புரவலர் இருந்தனர். அவர்கள் இடமும் வாழ்வும் தந்து விலகி நின்றனர். எந்தக் காலாண்டில் புதிய ஒளியைக் காண்பீர் என்று படிவம் நீட்டவில்லை. கொடை வேண்டியதே, கொடுக்கும் முறையைப் பற்றியதே நம் வழக்கு.

இன்றைய முறையைப் பார்ப்போம். 1956இல் சட்டம் பெற்ற பல்கலைக்கழக மானியக் குழு, 1969இல் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், 1971இல் தோன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் என நல்கை தரும் வாயில்கள் பல திறந்தன. அவ்வாரியத்துக்கு மாற்றாக, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு முழங்கியது. ஆயின் அதில் அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடியே. எஞ்சிய 36,000 கோடி தொழில் நிறுவனங்களிடமிருந்தும் பிற கொடையாளரிடமிருந்தும் வரும் என்பது எதிர்பார்ப்பு. இந்நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 2020-21இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அச்சிறு தொகையிலும் உயர்கல்வித் துறையின் பங்கு நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு. கிணற்றில் நீர் சிறிது; சுற்றி நிற்கும் குடங்களோ பல. அப்போது எந்தக் குடத்துக்கு எதன்படி வார்ப்பது என்னும் கேள்வி உயிர்க் கேள்வியாகிறது.

முதற் குற்றம், பணத்தையே அறிவின் அளவுகோலாக்கியது. மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஆசிரியர் நியமன, பதவி உயர்வு ஒழுங்குமுறைகளைப் புரட்டிப் பாருங்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வுத் திட்டத்தை முடித்தவர்க்கு 10 புள்ளி. பத்து இலட்சத்துக்குக் குறைந்த திட்டத்தை முடித்தவர்க்கு 5 புள்ளி. திட்டம் முடியாமல் நடந்துகொண்டிருந்தாலும் பெரிய தொகையென்றால் 5, சிறிய தொகையென்றால் 2. கண்டது என்ன என்பதற்கு அந்த வரிசையில் புள்ளியில்லை. வாங்கியது எவ்வளவு என்பதற்கே புள்ளி. அறிவியல் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டால் 8 புள்ளி என்று வைத்த அதே பட்டியலில், பெருந்தொகையைச் செலவழித்து முடித்தால் 10 என்று வைத்தவர்கள், அறிவுக்கும் செலவுக்கும் இடையே எதனை மேலாக மதித்தனர் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதன் விளைவை எண்ணுக. கல்வெட்டு ஆராயும் ஆசிரியர் ஒருவர்க்கு வேண்டுவன பேருந்துக் கட்டணமும் மைப்படி எடுக்கும் தாளும் ஊராரின் நல்லெண்ணமுமே. அவர் கேட்கும் தொகை சிறிது. ஆகவே அவர் பெறும் புள்ளியும் சிறிது. அடுத்த துறையில் விலையுயர்ந்த பொறி ஒன்றை வாங்கி, அதை இயக்க ஆளின்றி உறையிட்டு வைத்திருப்பவர்க்குப் புள்ளி இருமடங்கு. சிக்கனம் குற்றமாயிற்று; செலவு தகுதியாயிற்று. 2016 முதல் வெளிவரும் தேசிய நிறுவனத் தரவரிசையும், தர மதிப்பீட்டுக் குழுவின் படிவங்களும் இவ்வாறே நிறுவனங்கள் ஈட்டிய நல்கைத் தொகையை எண்ணுகின்றன. அதனால் துணைவேந்தர் துறைத்தலைவரை நெருக்குகிறார்; துறைத்தலைவர் ஆசிரியரை நெருக்குகிறார்; ஆசிரியர் வகுப்பறையை விட்டுவிட்டு விண்ணப்பம் எழுதுகிறார். 2025 ஜனவரியில் வெளியான புதிய வரைவு பழைய புள்ளிக் கணக்கைக் கைவிட முன்மொழிந்தது உண்மை. ஆனால் அவ்வரைவும் ஆசிரியரின் சிறப்புப் பங்களிப்புகளைப் பட்டியலிடுங்கால், பெற்ற ஆய்வு நிதியை அவற்றுள் ஒன்றாகவே வைத்தது. எண் போயினும் எண்ணம் போகவில்லை.

இரண்டாம் குற்றம், நிறைந்த ஏரிக்கே மீண்டும் மீண்டும் கால்வாய் வெட்டுதல். அறக்கட்டளைச் சட்டம் பேசப்பட்ட 2023இல் அரசுத் தரப்பே சொன்ன கணக்கு இது: பழைய வாரியத்தின் நிதியில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஐ.ஐ.டி.களுக்குப் போயிற்று, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது 11 விழுக்காடு. அம்மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றைச் சார்ந்த கல்லூரிகளிலுந்தான் நாட்டின் மாணாக்கருள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு மேற்பட்டோர் பயில்கின்றனர் என்று நிதி ஆயோக் 2025இல் தெரிவித்தது. அஃதாவது, உழவுமாடு பத்தில் எட்டு நிற்கும் தொழுவத்துக்கு வைக்கோல் பத்தில் ஒரு பங்கு.

‘தகுதியுடையார்க்குப் போயிற்று, இதில் தவறென்ன?’ என்பர் சிலர். தகுதி என்பது வெற்றிடத்தில் முளைப்பதன்று. நல்ல ஆய்வகம் உள்ளவர் நல்ல முன்முடிவுகளைக் காட்டி விண்ணப்பிக்கிறார். ஆகவே நல்கை பெறுகிறார். ஆகவே ஆய்வகம் இன்னும் நன்றாகிறது. ஆசிரியப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாத பல்கலைக்கழகத்திலே, இருவர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டு, மின்சாரம் நின்றால் குளிர்பெட்டியில் உள்ள மாதிரிகள் கெடுமே என்று அஞ்சி இரவில் காவலிருக்கும் ஆசிரியர் எதைக் காட்டி விண்ணப்பிப்பார்? இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்லிவிட்டு, முந்தி வந்தவனைத் தகுதியுடையவன் என்பது நடுவுநிலைமையன்று. வளர்ந்த நிறுவனங்களை மையமாகவும் வளரும் பல்கலைக்கழகங்களைக் கிளைகளாகவும் இணைக்கும் திட்டம் ஒன்றைப் புதிய அறக்கட்டளை 2024இல் அறிவித்தது. நோய் உண்டென்று மருத்துவர் ஒப்புக்கொண்டதற்கு அது சான்று; அம்மட்டில் வரவேற்போம். ஆயின் மையத்தின் கையைப் பார்த்திருப்பதே கிளையின் ஊழாகிவிடலாகாது.

மூன்றாம் குற்றத்தைச் சொல்லுங்கால் நாம் குற்றவாளிக் கூண்டிலும் நின்று பேசவேண்டியவராகிறோம். பேராசிரியர்கள் கூடுமிடத்திலெல்லாம் ‘குமாஸ்தாக்கள் ஆட்சி’ என்று ஒரு வசை உண்டு. அந்தக் குமாஸ்தா இனத்தைச் சேர்ந்தவர்கள் நாம். நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றில் நல்கைக் கோப்புகள் நம் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மறக்க இயலவில்லை.

சிற்றூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மூன்றாண்டுத் திட்டம் அது. முதல் தவணை, நிதியாண்டு முடியச் சில வாரங்களே இருக்கையில் போய்ச் சேர்ந்தது. மார்ச்சு 31க்குள் செலவிட்டது போக எஞ்சியதைக் கணக்குக் காட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினார். யூ.சி. என்று நாம் அழைக்கும் அத்தாள் வந்தால்தான் அடுத்த தவணை நகரும். வங்கியில் கிடந்த நாள்களுக்கு அப்பணம் ஈட்டிய வட்டி சில நூறு ரூபாய். அவ்வட்டி அரசுக்குரியது, இந்தியத் தொகுப்பு நிதியில் செலுத்தப்படவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் கட்டளை. அவர் வட்டியைத் தனியே காட்டாமல் இருப்புடன் சேர்த்துக் காட்டிவிட்டார். ‘படிவம் குறைபாடுடையது, திருப்பி அனுப்பலாம்’ என்று குறிப்பெழுதியது நம் கைதான். பிரிவு அலுவலர் ஒப்பமிட்டார். திருத்தம் கல்லூரி முதல்வர், தணிக்கையாளர் கையொப்பங்களுக்காகச் சுற்றித் திரும்புகையில் அடுத்த நிதியாண்டு பாதி கடந்திருந்தது. அதற்குள், மாத உதவித்தொகை வராமையால், அவரிடம் ஆய்வு உதவியாளராக இருந்த மாணவி விலகிவிட்டார் என்று அடுத்த கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தார். குறையொன்றும் கூறவில்லை. கூறியிருந்தால் நமக்கு இத்துணை உறுத்தல் இருந்திராது.

விதி தவறா? அன்று என்றே சொல்வோம். பொதுப்பணத்துக்கு ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வேண்டும். போலிப் பட்டியல்களையும், வராத ஊழியருக்கு எழுதிய ஊதியங்களையும் எந்தத் தணிக்கைத் துறை கண்டதில்லை? தணிக்கையே கூடாது என்னும் பேராசிரியரோடு நமக்கு உடன்பாடில்லை. நாம் சொல்வது வேறு. சில நூறு ரூபாய் வட்டி எங்கே என்று கேட்க அந்தக் கோப்பில் நால்வர் இருந்தனர். இந்த ஆசிரியர் என்ன கண்டார் என்று கேட்க அந்தக் கோப்பில் ஒருவரும் இல்லை. அவர் இணைத்த ஆய்வறிக்கை கோப்பின் கடைசியில் பிரிக்கப்படாமல் தைக்கப்பட்டுக் கிடந்தது. காசுக்குக் கணக்குக் கேட்கும் அரசு, கருத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. கேட்பது கணக்கன் வேலையன்று. கேட்கவேண்டிய அறிஞர் குழுவோ, அடுத்த விண்ணப்பக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது.

அரசின் ஒரு கை கொடுத்ததை மற்றொரு கை பறித்த கதையும் உண்டு. ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காட்டுச் சலுகை வரி 2022 ஜூலையில் நீங்க, வழக்கமான 18 விழுக்காடு விழுந்தது. நல்கைத் தொகையோ வளரவில்லை. நல்கையின் மீதே சரக்கு சேவை வரி கேட்டு அறிவிக்கைகள் பறந்து, கண்டனம் எழுந்த பின்னரே 2024 செப்டம்பரில் வரி மன்றம் அதற்கு விலக்களித்தது. அரசின் மின்னணுச் சந்தையிலேயே வாங்கவேண்டும் என்ற கட்டு 2025 ஜூனில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தளர்த்தப்பட்டது. ஒப்பந்தப் புள்ளியின்றி வாங்கும் வரம்பும் ஓர் இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாயிற்று. இவை நன்று. ஆயினும் கதவின் கீலுக்கு எண்ணெய் இட்டதால், கதவு எவர்க்குத் திறக்கிறது என்னும் கேள்வி தீர்ந்துவிடாது.

நான்காம் குற்றம், காலத்தைப் பற்றியது. மூன்றாண்டு என்பது இன்றைய திட்டங்களின் வழக்கமான ஆயுள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை அந்த ஆயுளுக்குள் வைத்துப் பாருங்கள். 1913இல் சாந்தலர் பாதிரியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பணி தொடங்கிற்று. மூன்றாண்டு கழிந்தபோது அச்சில் ஒரு தொகுதியும் இல்லை. பத்தாண்டு கழிந்த பின்னரே தொகுதிகள் வெளிவரலாயின. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து உழைக்க, 1936இல் ஆறு தொகுதிகள் நிறைவெய்தின. பிற்சேர்க்கை 1939இல் வந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை அடக்கிய அப்பேரகராதி, இன்றைய படிவத்தின்படி ‘இலக்கு எய்தப்படவில்லை; தொகை நிறுத்தப்படலாம்’ என்ற குறிப்போடு 1916இலேயே மூடப்பட்டிருக்கும். அக்குறிப்பை எழுத எம்மைப் போல் ஒருவர் அன்றும் கிடைத்திருப்பார். நல்லவேளையாகப் படிவம் அன்று இல்லை.

மூன்றாண்டுக்குள் முடிவதையே கேட்டால், மூன்றாண்டுக்குள் முடிவதையே அறிஞர் தேர்வர். விற்பனைக்கு வருவதையே கேட்டால், விற்பனைக்கு வருவதையே ஆராய்வர். 36,000 கோடியைத் தொழில் நிறுவனங்களிடம் எதிர்பார்க்கும் நாட்டில், அழிந்துவரும் மலைமொழி ஒன்றின் இலக்கணத்துக்கும், ஓலைச்சுவடிப் பட்டியலுக்கும், உடனே பயன் தெரியாத கணிதத் தேற்றத்துக்கும் யார் கொடை தருவார்?

பேராசிரியப் பெருமக்களையும் நாம் விடுவதற்கில்லை. அளவுகோலை அமைத்த குழுக்களில் அமர்ந்தவர் யார்? எழுத்தர்களா? முடித்துவிட்ட ஆய்வையே செய்யப்போகும் ஆய்வாக எழுதி விண்ணப்பிப்பதும், உழைக்காத மூத்தவர் பெயரை உடன் ஆய்வாளர் வரிசையில் சேர்ப்பதும், தம் மாணவர் விண்ணப்பத்துக்குத் தாமே மதிப்புரை தர முயல்வதும் எந்த அமைச்சகம் கற்பித்த பாடம்? பெற்ற தொகையை வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியில் பொறித்துக்கொண்டு, பிறகு ‘பணத்தால் எம்மை அளக்கிறார்கள்’ என்று புலம்புதல் பொருந்தாது. தம்மை எதனால் அளக்கவேண்டும் என்று சொல்லும் துணிவு அறிஞர்க்கு முதலில் வேண்டும்.

என் செய்வது? குறை கூறி ஒதுங்குவது எளிது. ஆகவே நம் சிற்றறிவுக்கு எட்டியதைக் கூறுகிறோம். நல்கைத் தொகை, பதவி உயர்வுக்கும் தரவரிசைக்கும் அளவுகோலாதல் அறவே ஒழியவேண்டும். அதனால் விளைந்த நூலும் கட்டுரையும் கண்டுபிடிப்பும் பயிற்சி பெற்ற மாணவருமே எண்ணப்படவேண்டும். நிலையான பணியிலுள்ள ஒவ்வொரு பல்கலைக்கழக ஆசிரியர்க்கும், போட்டியின்றி, ஆண்டுதோறும் ஒரு சிறுதொகை ஆய்வுக்கென உரிமையாகக் கிடைக்கவேண்டும். பெருந்தொகைக்கு மட்டுமே போட்டி இருக்கட்டும். ஆய்வு உதவியாளர் தொகை திட்டத் தவணையோடு கட்டுண்டு கிடத்தலாகாது. 2023இல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக உயர்த்தப்பட்டது. உயர்த்திய தொகை மாதந்தோறும் கைக்கு வராவிடின் உயர்வால் யாது பயன்? செலவுக் கணக்கை மார்ச்சு 31இல் அறுக்காமல் திட்டக் காலம் முழுமைக்கும் ஒன்றாக நோக்கவேண்டும். அகராதி, பதிப்பு, மொழிக் கள ஆய்வு போன்ற நெடும்பணிகளுக்குப் பத்தாண்டு நல்கை தனியே வேண்டும். முடிவாக, நல்கை பெற்ற ஒவ்வொருவரும் தாம் கண்டதை இரண்டு பக்கத்தில், தம் மாநில மக்களின் மொழியில், எவரும் படிக்குமாறு எழுதி வெளியிடவேண்டும். பணம் தந்தவர்க்கு அந்த இரண்டு பக்கம் கிடைக்கக்கூடாதா?

‘போட்டியில்லையேல் சோம்பல் வளரும்’ என்பது நாம் எதிர்பார்க்கும் மறுப்பு. வளரலாம், சிலரிடம் வளரும். சிறுதொகை பெற்றுச் சோம்பியிருப்பவரால் நாடு இழப்பது சிறிது. பெருந்தொகை பெற்றுப் புள்ளி சேர்ப்பவரால் இழப்பது பெரிது. ஒன்றும் பெறாமல் மூலையில் வாடும் ஒருவரால் இழப்பது எவ்வளவென்று எந்தத் தணிக்கையாலும் கணக்கிட இயலாது.

புறநானூற்றிலே பெருஞ்சித்திரனார் என்றொரு புலவர். பரிசில் நாடி வந்த அவரைக் காணாமலே அதியமான் பொருள் கொடுத்தனுப்பினான். அவர் ஏற்க மறுத்தார். வறுமை மிக்கவர், குடும்பத்தின் பசியைப் பாடியவர். ஆயினும் தம் புலமையைக் கண்டறியாது தரும் பொருள், பெரிதாயினும் வேண்டாவென்றார். கண்டு, அளவறிந்து தருவது தினைத்துணையாயினும் இனிது என்பது அவர் கொள்கை. இன்று நம் அரசு காணாமல் கொடுக்கிறது. நம் அறிஞர் காணாமல் கொடுத்ததை வாங்கி, வாங்கியதையே பட்டமாக அணிகின்றனர். கொடுப்பவர் காணவும், பெறுபவர் காட்டவும் வேண்டும் என்பதே நம் கட்சி.

அந்தக் கல்லூரி ஆசிரியரின் அறிக்கையை, கோப்பு முடிக்கப்பட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன், ஒரு மதிய உணவு வேளையில் நூலைப் பிரித்து நாம் படித்தோம். இளங்கலை மட்டும் கற்ற நமக்கு அதில் பாதியே விளங்கிற்று. விளங்கிய பாதியில், தம் ஊர்க் குளங்களின் நீர் ஆண்டுதோறும் எவ்வாறு மாறுகிறதென்று அவர் பொறுமையாகக் குறித்து வைத்திருந்தார். இரண்டாம் ஆண்டின் அட்டவணையில் சில மாதங்கள் வெறுமையாக இருந்தன. அவை உதவியாளர் இல்லாத மாதங்கள். அந்த வெற்றுக் கட்டங்களுக்குரிய பொறுப்பில் ஒரு பங்கு நம்முடையது. மற்றப் பங்குகளுக்கு உரியோர் தத்தம் பங்கை ஏற்க முன்வருவார்களா?